தரையில் இருக்கும் பிள்ளைகள்

கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்களின் நடுவே அமைந்த, மன்னார் மாவட்டத்து எங்கள் அடம்பனில் நஞ்சு என்பது அபூர்வமான வஸ்துவன்று. பெரும்போக விதைப்பு முடிந்து பயிர் பச்சை பிடித்து நிற்கும் மார்கழி மாதத்தில், தெளிகருவியை முதுகில் சுமந்த ஆடவர் வரம்புகளின்மேல் வரிசையாய் நடந்து செல்வதும், அந்தி சாய்ந்து அவர்கள் வீடு திரும்புகையில் சட்டையிலிருந்து கிளம்பும் காரமான வாடையும், வேலியோரத்தில் உருண்டு கிடக்கும் வெறும் போத்தல்களும் எங்கள் அன்றாட வாழ்க்கையோடு ஒட்டிப் போனவை. இத்தகைய ஊரொன்றில் நெடுங்காலம் முன்பள்ளி ஆசிரியையாக இருந்த எனக்கு, அநுபவத்திலே உறுதிப்பட்ட அபிப்பிராயம் ஒன்று உண்டு. சிறு பிள்ளைகள் இருக்கும் இடத்திலிருந்து எலியையும் எறும்பையும் கரப்பொத்தானையும் நுளம்பையும் விலக்குவது எவ்வளவு அவசியமோ, அவற்றை விலக்கும் நிமித்தம் வயலின் நஞ்சைக் கூரையின் கீழ் அழைத்து வராதிருப்பது அதனினும் அவசியம்.

யுத்தத்தின்போது, 2008 ஆம் ஆண்டு வைகாசியில் அடம்பன் இராணுவத்தின் வசமானது. அதற்கு முன்னரே ஊர்ச் சனங்கள் மூட்டை முடிச்சுகளோடு வடக்கு நோக்கிப் பெயர்ந்து, இடம் மாறி இடம் மாறி அலைந்து, ஈற்றில் எங்களிற் பலர் செட்டிகுளத்துக்கு அண்மையில் இருந்த மெனிக் பாம் முகாமின் கூடாரங்களில் நாட்களைக் கழித்து, மீளக் குடியமர அனுமதி கிடைத்துத் திரும்பியபோது, ஊர் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. கூரையற்ற சுவர்களினுள்ளே எருக்கலையும் நாயுருவியும் முளைத்திருந்தன. ஒதுக்கிடம் கண்ட மூலைகளிலெல்லாம் வேறு ஜீவராசிகள் குடியேறியிருந்தன. முன்பள்ளிக்கென எங்களுக்குக் கிடைத்தது தகரக் கூரையும் வெடிப்பு விழுந்த சீமெந்துத் தரையும் கொண்ட ஒரு கொட்டகை. அதில் பனையோலைப் பாயை விரித்து, மூன்று வயது முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகளை அமர்த்தி, மீண்டும் பாட்டும் கதையும் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினோம். அந்தத் தரையில் எங்களுக்கு முன்னரே உரிமை பெற்றிருந்த எலிகளோடும் எறும்புகளோடும் எங்கள் வழக்கும் அன்றே தொடங்கிற்று.

தரை என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வளர்ந்தவர்கள் ஓர் அறைக்குள் நுழைந்தால் அவர்களது முகம் தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில் இருக்கிறது. கை கதவையும் மேசையையும் தவிர மற்றொன்றைத் தொடுவதில்லை. பிள்ளையோ தரையிலேயே வாழ்கிறது. அங்கே உட்காருகிறது, உருளுகிறது, விழுந்த கடலையைப் பொறுக்கி வாயில் போடுகிறது, தரையில் தேய்த்த விரலையே சூப்புகிறது. அதன் தோல் மெல்லியது; உடல் நிறையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது இழுக்கும் காற்றும் உண்ணும் உணவும் பெரியவரைக் காட்டிலும் அதிகம்; நஞ்சைக் கழித்து வெளியேற்றும் ஈரலும் சிறுநீரகமும் இன்னும் முதிரவில்லை. நாம் தெளிக்கும் எந்த மருந்தும் இறுதியில் படிவதும் அந்தத் தரையில்தான். ஆகையால், பெரியவருக்குத் தலைவலியோடு போய்விடும் பிரமாணம் ஒரு பிள்ளைக்குப் பெரும் அபாயமாக முடியக்கூடும்.

ஆரம்ப மாதங்களில் எங்களுக்கு யோசனை சொல்லாதவர் இல்லை. வயற்காரரான ஒரு தகப்பனார், தம் மகளின் காலெல்லாம் எறும்பு கடித்துத் தடித்திருப்பதைக் கண்டு மனம் பொறாமல், மறுநாட் காலையில் ஒரு போத்தலோடு வந்து நின்றார்.

"ரீச்சர், இது வயலுக்கு அடிக்கிற மருந்துதான். தண்ணியைக் கொஞ்சம் கூட விட்டு மூலை முடுக்கெல்லாம் அடிச்சு விட்டால் ஒரு பூச்சியும் நிக்காது. நானே அடிச்சுத் தாறன்."

அவருடைய அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த அன்பு வந்த வழியில்தான் ஆபத்தும் வந்தது. வயலில் தெளித்த மருந்தை வெயில் எரித்துச் சிதைக்கிறது, மழை கழுவுகிறது, மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கின்றன. வெயிலும் மழையும் எட்டாத அறைக்குள்ளோ அதே மருந்து பாயின் இழைகளிலும் துணிப் பொம்மையிலும் சுவர் வெடிப்பிலும் தங்கி நெடுநாள் இருந்துவிடும். வயலுக்கென்று அளந்து தயாரித்த மருந்தை வீட்டுக்கு இத்தனை என்று அளக்கும் கணக்கு எந்தச் சீட்டிலும் எழுதப்பட்டிருப்பதில்லை. இதை அவருக்கு எடுத்துச் சொன்னபோது, நல்ல மனிதர், போத்தலைத் திரும்ப எடுத்துச் சென்றார். அடுத்த சனிக்கிழமை ஒரு சாந்தகப்பையோடு வந்து தரை வெடிப்புகளைப் பூசித் தந்தார். எறும்புக் கடி அதன் பின்னர்தான் உண்மையில் குறைந்தது.

நம் நாட்டில் இந்த நஞ்சுகளைக் கட்டுப்படுத்த 1980 இல் இயற்றப்பட்ட 33 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பரத்தியோன் 1984 இலும், மொனோகுரோட்டபொஸ் 1995 இலும், எண்டோசல்பான் 1998 இலும் தடைசெய்யப்பட்டன. இவ்வாறு ஒவ்வொன்றாகக் கொடியவற்றை விலக்கியதனால் இலங்கையில் எத்தனையோ உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பதை உலக அறிஞர்களே ஒப்புக்கொள்கிறார்கள். இங்கே விலக்கப்பட்ட மொனோகுரோட்டபொஸ் இந்தியாவில் விலக்கப்படாதிருந்தபோது நேர்ந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறும். 2013 ஆம் ஆண்டு ஜூலை 16 ஆம் தேதி, பீகார் மாநிலத்துச் சாரண் மாவட்டத்தில், கண்டாமன் என்னும் சிற்றூர்ப் பாடசாலையில் மதிய உணவு உண்ட பிள்ளைகளில் 23 பேர் மாண்டுபோனார்கள். சமையல் எண்ணெயில் அந்த நஞ்சு கலந்திருந்தது. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் வாசித்த அன்று, எங்கள் குசினியில் இருந்த கலன்களையும் போத்தல்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, முன்பு என்ன இருந்தது என்று நிச்சயமாகத் தெரியாத ஏனங்கள் அனைத்தையும் அகற்றினோம். சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் வைக்கும் பழக்கத்தையும் அன்றே நிறுத்தினோம். தாகத்தோடு வரும் பிள்ளைக்கு நிறமற்ற திரவமெல்லாம் தண்ணீர்தான்.

ஆனால் நஞ்சு எப்போதும் போத்தலிலேயே வருவதில்லை. ஒருநாள் கதை நேரம் முடிந்து பிள்ளைகள் கலைந்து விளையாடிக்கொண்டிருந்தபோது, அலுமாரியின் பக்கத்தில் ஒரு சிறுமி குப்புறப் படுத்துக் கிடந்து, மிகுந்த சிரத்தையோடு தரையில் ஒரு வீடு வரைந்துகொண்டிருந்தாள். கூரை, கதவு, வாசலில் ஒரு கோழி, எல்லாம் வெகு நேர்த்தி. "ரீச்சர், எனக்கு ஒரு வெண்கட்டி கிடைச்சது" என்று முகம் மலரக் கையை நீட்டினாள். விரல் நுனிகளிலும் மூக்கின் மேலும் வெண்பொடி படிந்திருந்தது. நான் கையில் வாங்கிப் பார்த்தேன். எங்கள் பெட்டியிலிருந்த வெண்கட்டியை விடச் சற்று வழுவழுப்பாக, நிறை கூடியதாக இருந்தது. அது சந்தையில் மலிவாக விற்கும் எறும்புக் கட்டி. பூச்சியின் நரம்பைத் தாக்கும் டெல்டாமெத்ரின் போன்ற மருந்தைச் சுண்ணத்தோடு சேர்த்து அழுத்திச் செய்யப்படும் அதனை, எழுதும் வெண்கட்டியிலிருந்து பிரித்தறியப் பெரியவர்க்கே கடினம். பிள்ளைகளுக்கு எறும்பு கடிக்கிறதே என்று இரங்கிய யாரோ ஒரு தாய் அலுமாரிக் கால்களைச் சுற்றிக் கோடிழுத்துவிட்டு, மிச்சத்தைப் பின்னால் வைத்துப் போயிருக்கிறார்.

உடனே அச்சிறுமியின் கைகளையும் முகத்தையும் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கழுவி, உடுப்பை மாற்றி, தாயை அழைப்பித்து, வைத்தியசாலைக்கு அனுப்பினேன். தீங்கேதும் நேரவில்லை. அவள் வரைந்த வீட்டை ஈரத்துணியால் துடைத்தெடுத்தபோது மாத்திரம் அவள் அழுதாள். அன்று பிற்பகல் தாய்மாரை அழைத்து, அந்தக் கட்டியை ஒரு பக்கமும் எழுதும் வெண்கட்டியை மறுபக்கமும் வைத்துக் காட்டினேன். எது எதுவென்று சரியாகச் சொன்னவர் மிகச் சிலர். துணி அலுமாரியில் போடும் பூச்சி உருண்டைகளையும் அன்று முதல் விலக்கினோம். இனிப்பு உருண்டை என்றெண்ணிப் பிள்ளைகள் அவற்றை வாயிலிடுவது உலகெங்கும் நடப்பது. பிறவியிலேயே குருதிச் சிவப்பணுக்களில் ஒருவகை நொதியம் குறைந்த பிள்ளைகளுக்கு அந்த உருண்டைகளிலுள்ள நப்தலீன் இரத்தத்தையே சிதைத்துவிடும் என்று பின்னர் ஒரு வைத்தியர் எனக்கு விளக்கினார்.

எலியைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். வயலூரில் எலியின் வரவுக்கும் ஒரு போகம் உண்டு. மாசி பங்குனியில் அரிவு வெட்டு முடிந்து கதிர் களத்துக்குப் போனதும், வயலில் உணவிழந்த எலிகள் கூட்டமாக வீடுகளை நாடும். முன்பள்ளியில் அரிசியும் பயறும் கடலையும் திரிபோஷாச் சத்துமாவும் இருக்கும்போது அவை வேறெங்கே போகும்? சமையலுக்கு வந்த ஆச்சி காலையில் சாக்கைத் தூக்கினால் அடியில் நாலு இடத்தில் ஓட்டை. சுவரோரம் முழுவதும் கறுப்பு அரிசி போல எச்சம். எலி மூத்திரம் கலந்த நீராலும் சேற்றாலும் எலிக்காய்ச்சல் பரவும் என்பது கமக்காரருக்குத் தெரிந்த விஷயம். எலி இருந்தால் அதைத் தேடிப் புடையன் பாம்பும் வரும் என்பது அதனினும் நன்றாகத் தெரிந்த விஷயம்.

எலி மருந்து வைப்போம் என்றார்கள் பலர். ஆனால் அந்த மருந்துகளுள் பல, சிவப்பாகவும் நீலமாகவும் பச்சையாகவும் வர்ணமூட்டப்பட்ட சிறு கட்டிகளாகவும் தானியமாகவும் வருகின்றன. இனிப்புக்கும் அவற்றுக்கும் நாலு வயதுப் பிள்ளை வித்தியாசம் காண்பதெப்படி? இரத்தம் உறையாமற் செய்து சில நாட்களில் மெல்லக் கொல்லும் வகையைத் தின்ற எலி, நாம் நினைக்கும் இடத்தில் சாகாமல் கூரை மடிப்பிலோ சுவர் இடுக்கிலோ போய்ச் செத்து நாறும். அதைப் பிடித்துத் தின்னும் பூனையும் ஆந்தையும் கூடப் பாதிக்கப்படும். எங்கள் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஐயா ஒருவர், பேச்சுக் குறைந்த மனிதர், ஒருநாள் வந்து கொட்டகையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்துக் கதவின் அடியில் உருட்டினார். அது தங்குதடையின்றி உள்ளே போயிற்று. "பென்சில் போற இடத்தால சுண்டெலி போகும்" என்று மாத்திரம் சொன்னார். எலும்புகள் வளைந்து கொடுக்கும் அச்சிறு பிராணிக்குத் தலை நுழையும் ஆறு மில்லிமீற்றர் இடைவெளியே போதும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன்.

அதன்பின் நாங்கள் செய்தவை யாவும் சாந்தகப்பையும் சுத்தியலும் கொண்டு செய்யக் கூடியவை. கதவின் அடியில் தகரக் கீலம் அடித்தோம். தகரக் கூரைக்கும் சுவருக்கும் இடையே இருந்த திறப்புகளில், காற்று வருவதைத் தடுக்காதபடி, நெருக்கமான கம்பி வலை பொருத்தினோம். சுவர்த் துவாரங்களில் உடைந்த கண்ணாடித் துண்டுகளைத் திணித்து, அவை சிறிதும் வெளியே தெரியாவண்ணம் சீமெந்தால் மூடினோம். எலியின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்வதால் அது எதையாவது கறித்துக்கொண்டே இருக்கும், மரமும் பிளாஸ்ரிக்கும் அதற்குத் தடையே அல்ல. தானியத்தைச் சாக்கிலிருந்து இறுக்கமான மூடியுள்ள தகரப் பேணிகளுக்கு மாற்றினோம். கொட்டகையைச் சுற்றி நாலடி அகலத்துக்குப் புல் பூண்டு இல்லாமல் செருக்கி, விறகு அடுக்கைத் தூரக் கொண்டுபோய் வைத்தோம். உள்ளே மிஞ்சிய எலிகளுக்கு மட்டும், பிள்ளைகள் வீடு சென்றபின், சுட்ட தேங்காய்த் துண்டு வைத்த எலிக்கூடுகளைச் சுவரோரமாய் வைத்து, விடியற் காலையில் பிள்ளைகள் வருமுன் எடுத்துவிடுவோம். அடுத்த அரிவு வெட்டுக்குப் பின் ஆச்சி எச்சம் கூட்ட வேண்டியிருக்கவில்லை.

கரப்பொத்தானுக்கு வேண்டியவை இருளும் ஈரமும் இடுக்கும். உணவில்லாமல் அது பல நாள் தாக்குப் பிடிக்கும். நீரில்லாமல் அத்தனை நாள் பிடிக்காது. ஆதலால் இரவில் தண்ணீர்க் குழாய் சொட்டாமலும், குசினித் தொட்டி உலர்ந்தும் இருக்கும்படி பார்த்தோம். நன்கொடையாய் வந்த காகித அட்டைப் பெட்டிகளை வைத்திராமல் எரித்தோம், ஏனெனில் அவற்றின் மடிப்புகளிலேதான் முட்டைக் கூடுகள் வருகின்றன. மருந்து தெளித்தால் கரப்பொத்தான்கள் சாவதைக் காட்டிலும் சிதறி வேறு இடுக்குகளுக்கு ஓடுவதே அதிகம். அவற்றின் எச்சமும் உதிர்ந்த தோலும் பிள்ளைகளுக்கு இழுப்பைத் தூண்டுவதால், செத்தவற்றைக் கூட்டியபின் தரையை ஈரத்துணியால் துடைப்பதும் அவசியம்.

நுளம்பின் கதை எங்கள் மாவட்டத்தில் நீண்டது. 1934-35 இல் இத்தீவில் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்ட மலேரியாவின் நினைவு என் பாட்டியாரின் பேச்சில் எப்போதும் இருந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடியும் காலத்தில் டி.டி.டி. வந்தது. வீட்டுச் சுவர்களிலெல்லாம் அது தெளிக்கப்பட்டு வெண்படலமாய்ப் படிந்திருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதன் பயன் மெய்யானது; 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே இருந்தனர். வென்றுவிட்டோம் என்று கண்காணிப்பைத் தளர்த்தியதும், 1969 ஆம் ஆண்டில் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. நுளம்புகளும் காலப்போக்கில் அந்த மருந்துக்கு அடங்காதவையாயின. பின்னர் எத்தனையோ பேருடைய பிரயத்தனத்தால் 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா ஒழிந்த நாடென்று உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு மார்கழியில், இந்தியப் பட்டினங்களில் மலேரியாவைப் பரப்பும் அனொபிலிஸ் ஸ்டீபென்சி என்னும் நுளம்பு முதன்முறையாக இந்நாட்டில் கண்டறியப்பட்டது. கண்டறியப்பட்ட இடம் எங்கள் மன்னார்த் தீவு. அது முட்டையிட்டது கிணறுகளில். அதற்கு எதிராகச் செய்யப்பட்டவற்றுள் கிணறுகளில் குடம்பி தின்னும் சிறு மீன்களை விட்டதும் ஒன்று. அச்செய்தி கேட்டு, நாங்களும் அதிகாரிகளைக் கேட்டு எங்கள் கிணற்றுக்கு மீன் வாங்கி விட்டோம். பிள்ளைகள் தினமும் வரிசையில் நின்று, கம்பி மூடியின் மேலாக, அவற்றை எட்டிப் பார்ப்பார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எறும்பு ஏறாதிருக்க அலுமாரிக் கால்களை நீர்க் கிண்ணங்களில் வைப்பது நம் வீடுகளில் பரம்பரை வழக்கம், எங்களிடமும் இருந்தது. அந்தக் கிண்ணத்தின் கையளவு தெளிந்த நீர்தான் டெங்கு நுளம்புக்கு மிக உகந்த ஸ்தலம். முட்டையிலிருந்து இறக்கை முளைத்த நுளம்பாவதற்கு அதற்கு ஏறக்குறைய ஒரு கிழமை போதும். ஆகையால் கிண்ணங்களை எடுத்துவிட்டு, சீனிப் பேணியை இறுக மூடி, எறும்பு வரும் தடத்தைச் சவர்க்கார நீரால் துடைத்தோம். முன்னே சென்ற எறும்பு விட்ட வாசனையைப் பின்பற்றியே மற்றவை வருகின்றன, அது அழிந்தால் வரிசை கலையும். 2017 இல் டெங்கு நோயாளர் தொகை நாட்டில் 1,86,000 ஐக் கடந்தபோது இந்த மாற்றம் எவ்வளவு உசிதமானது என்பது எல்லோர்க்கும் விளங்கிற்று. நுளம்புச் சுருளையும் நாங்கள் கொளுத்துவதில்லை. ஒரு சுருள் எரிந்து முடிகையில் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் அளவுக்குச் சமமென்று 2003 இல் வெளியான ஓர் ஆய்வு கண்டிருக்கிறது. யன்னல்களுக்கு வலையும், மதியம் உறங்கும் சின்னஞ்சிறிசுகளுக்கு நுளம்பு வலையுமே எங்கள் காவல்.

மருந்தே கூடாதென்று நான் வாதிடவில்லை. சில வேளைகளில் அது தவிர்க்க முடியாததாகும். அப்போதும் வெள்ளிக்கிழமை பிள்ளைகள் போனபின், பாயும் பொம்மையும் பாத்திரமும் வெளியே எடுக்கப்பட்டு, பெற்றோருக்கு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, பிள்ளையின் கை எட்டாத இடுக்கில் மாத்திரம் பசை வடிவான மருந்து பொட்டுப் பொட்டாக வைக்கப்பட வேண்டும். திங்கட்கிழமை கதவு திறக்குமுன் யன்னல்கள் திறந்து காற்றோட வேண்டும், தரை கழுவப்பட வேண்டும். மருந்து அதன் சொந்தப் போத்தலில், சொந்தச் சீட்டோடு, கொட்டகைக்கு வெளியே பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். தவறி ஒரு பிள்ளை எதையேனும் விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல், அந்தப் போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓட வேண்டும்; அங்குள்ள வைத்தியர்கள் கொழும்புத் தேசிய வைத்தியசாலையின் நஞ்சுத் தகவல் நிலையத்தைக் கேட்டறிய அந்தச் சீட்டுதான் உதவும்.

இப்போது நான் பள்ளிக்குப் போவதில்லை. என்னிடம் படித்த பிள்ளைகளின் பிள்ளைகள் அங்கே பாயில் இருக்கிறார்கள். அவர்களுடைய தகப்பன்மாருக்கும் தாய்மாருக்கும் ஒரு விண்ணப்பம். மருந்தடித்துவிட்டு வரும் நாளில் குளித்து உடை மாற்றிய பின்னரே பிள்ளையைத் தூக்குங்கள். முன்பள்ளிக்கு உதவ மனமிருந்தால், அரிவு வெட்டு முடிந்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை சீமெந்தும் கம்பி வலையும் ஒரு பென்சிலும் எடுத்துக்கொண்டு போங்கள். பென்சில் நுழையும் இடமெல்லாம் அடைத்துக் கொடுங்கள்.